நுவரெலியா கிராண்ட் ஹோட்டல் படக் கண்காட்சி: நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் சனசமூக நிலையத்தில் வைத்த நுவரெலியா கிராண்ட் ஹோட்டல் படக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. மழைக்குள்ளும் சனம் வந்தது. "யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு நுவரெலியா ஹோட்டலுக்கு ஏன் இந்தப் பாடு?" என்று கேட்டவர்களும் கடைசி மட்டும் நின்று பார்த்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

சரித்திரப் பகுதியை எழுதித் தந்த பல்கலைக்கழகத் தங்கச்சி, உறுதியாகத் தெரியாத ஆண்டையெல்லாம் இரக்கமில்லாமல் வெட்டிவிட்டா. மிஞ்சியதே போதுமாக இருந்தது. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வேர்ட் பார்ன்ஸ் குளிருக்குள் தனக்கெனக் கட்டிய 'பார்ன்ஸ் ஹோல்' மாளிகைதான், பிறகு கூட்டிக் கட்டி இந்த ஹோட்டலானது. ஆனால் நுவரெலியாவின் கிரகரி வாவி வந்தது 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், ஓடையை மறித்து. அதாவது வாவியைவிட மாளிகைக்கு வயது கூட. அது தானாக அமைந்த ஏரி என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

கொக்குவிலில் இருந்து வந்த ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர் ஐயா றெயில் பாதையைப் பெரிய தாளில் கீறித் தந்தார். மலைநாட்டுப் பாதை 1885இல் நுவரெலியாவுக்குக் கிட்டிய ஸ்டேசனான நானுஓயாவைத் தொட்டது. வடக்குப் பாதை 1905இல் முழுமையானது. இரண்டும் சந்திப்பது பொல்காவலையில். இங்கிருந்து மலைக்குப் போனவர்கள் அங்கே இறங்கித்தான் மாறி ஏற வேண்டும். கூட்டம் அதிகம் நின்றது அந்தத் தாளுக்கு முன்னால்தான். பொல்காவலை மேடையில் பெட்டியோடு காத்திருந்த கதை இல்லாத முதியவர் இல்லை. நானுஓயாவில் இருந்து நுவரெலியாவுக்கு ஓடி, 1940களில் நின்றுபோன குட்டி றெயிலையும் ஐயா மறக்கவில்லை.

கிளிநொச்சியில் இருந்து பஸ் ஏறி வந்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தோடு மலையை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். சொப்பிங் பையில் சுற்றி ஒரேயொரு படம் கொண்டுவந்தா. புல்தரையில் தொப்பி போட்ட துரைசானிமார் தேநீர் குடிக்கிறார்கள். ஓரத்தில் தலைப்பாகையும் வெறுங்காலுமாக ஒருவர், கையில் செடி வெட்டும் கத்தரிக்கோல். பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே. "இவரு எங்க தாத்தா" என்றா. அவர் ஹோட்டல் பூந்தோட்டத்தில் வேலை செய்தவராம். அந்தப் படத்தைப் பெருப்பித்து வாசலில் வைத்தோம். பார்ன்ஸ் துரையின் படம் உள்ளே போனது. மலையைத் திருத்திய மலையகத் தமிழ்ச் சனத்தில் பெரும்பாலானோர் 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்ததையும் கீழே எழுதினோம். ஹோட்டல் கதைக்குள் அரசியல் எதற்கென்று ஒருவர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

கதிரை தந்த கோயிலடி மண்டபக்காரர், கரண்ட் போனதும் ஜெனரேட்டர் இழுத்து வந்த பெடியள், பிளேன்ரீ ஊற்றிய மாதர் சங்க அன்ரிமார், படம் அச்சடிக்கக் காசு அனுப்பிய கனடாத் தம்பி, எல்லோருக்கும் நன்றி. தேயிலை மட்டும் நுவரெலியாச் சரக்கு.

இரவல் தந்த படங்களை ஞாயிறு பின்னேரம் நிலையத்தில் வந்து பெற்றுக்கொள்ளலாம். பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழு சார்பில்