பதிவன்றே ஃபெரிட்டின் பாருங்கள்: பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும் தேசிய நலவாழ்வுக் குழும அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பரிசோதிக்கும் ஆய்வக நுட்பநர்களும் செவிலியர்களும் எழுதுகிறோம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை கொடுக்கிறோம், ஹீமோகுளோபினும் பார்க்கிறோம். ஆனால் ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். அதற்கு முன்பே உடலின் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிடும். அதைக் காட்டுவது இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டின்.

கர்ப்பத்தைப் பதிவு செய்யும் அன்று ஒருவருக்கு ஹீமோகுளோபின் 11.8 என்றால் அட்டையில் 'நார்மல்' என்று எழுதிவிடுகிறோம். அவருக்கே ஃபெரிட்டின் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் என்றால் கையிருப்பு ஏறக்குறைய 80 மில்லிகிராம். ஒரு கர்ப்பத்துக்குத் தேவையோ சுமார் 1,000 மில்லிகிராம், அதுவும் பெரும்பகுதி ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு. எட்டாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 8.5 என்று வரும்போது மாத்திரையால் ஈடுகட்ட நாள் போதாது. இரும்பு ஊசிக்காக மருத்துவமனைக்கு அலைய வேண்டியிருக்கும்.

ஆகவே 12 வாரத்துக்குள் பதிவு செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை ஃபெரிட்டின் பாருங்கள். இதற்கென்று தனியாக ஊசி குத்த வேண்டாம். தைராய்டு பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தத்தின் சீரமே (உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) போதும். தைராய்டுக்கான டி.எஸ்.எச். பார்க்கும் இம்யூனோஅஸே கருவிகள் பெரும்பாலானவற்றில் ரீஏஜென்ட் (பரிசோதனை வேதிப்பொருள்) மட்டும் மாற்றினால் ஃபெரிட்டினும் பார்த்துவிடலாம். பிரித்த சீரத்தைக் குளிர்பெட்டியில் சில நாள் வைக்கலாம் என்பதால், வாரம் இருமுறை மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி மொத்தமாக ஓட்டினால் கருவியின் அளவு சரியா என்று பார்க்கும் கன்ட்ரோல், கேலிப்ரேஷன் செலவு பல மாதிரிகளுக்குப் பங்காகிவிடும். ரத்தத்தில் ஓடும் இரும்பை அளக்கும் சீரம் அயர்ன் பரிசோதனை வேண்டாம். காலையில் போட்ட ஒரு மாத்திரையே அதை ஏற்றிக் காட்டிவிடும்.

முதல் மூன்று மாதத்தில் ஃபெரிட்டின் 15க்குக் கீழ் இருந்தால் பற்றாக்குறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. 30க்குக் கீழ் இருந்தாலே, வாந்தி அனுமதிக்கும் அளவில், நான்காம் மாதம் வரை காத்திராமல் மாத்திரை தொடங்கலாம் என்பது எங்கள் கருத்து. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். அப்போது உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி.யும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இல்லையேல் தொற்று தீர்ந்த பின் மறுபடி பார்க்கலாம்.

ஹீமோகுளோபின் பரிசோதனையையும் சீர்செய்ய வேண்டும். கூட்டம் அதிகமான நாளில் ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு குறைந்துவிடும். ஸ்பிரிட் காயுமுன் குத்தினாலும் அப்படித்தான். ரத்தத்தை அமிலத்தில் கலந்து நிறத்தை ஒப்பிடும் சாலி முறையில் பத்து நிமிடம் விடாமல் நிறம் பார்த்தாலும் குறைத்தே காட்டும். எங்கெல்லாம் ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுன்டர் கருவி இருக்கிறதோ அங்கெல்லாம் ரத்தம் உறையாமல் காக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் கோடு வரை ரத்தம் எடுத்து, எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி, அந்தக் கருவியில் ஓட்டுவதே நல்லது.

அதில் சிவப்பணுக்களின் சராசரி அளவான எம்.சி.வி.யும் கிடைக்கும். எம்.சி.வி. 80க்குக் கீழ் இருந்து ஃபெரிட்டின் சரியாக இருந்தால், மாத்திரையை இரட்டிப்பாக்குவதில் பயனில்லை. ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பரம்பரைக் கோளாறான தலசீமியாவின் மரபுக்கூறு இருக்கலாம். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதில் உறுதியானால், இருவருக்கும் இருந்தால் குழந்தையைப் பாதிக்கலாம் என்பதால், கணவரையும் தாமதமின்றி வரவழைத்துப் பார்க்க வேண்டும்.

தாய் சேய் நல அட்டையில் ஃபெரிட்டினுக்கும் எம்.சி.வி.க்கும் கட்டம் ஒதுக்குங்கள். ஒரு வாரத்துக்குள் முடிவு கிராம சுகாதார செவிலியர் கைக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள். முதலில் ஒரே ஒரு வட்டாரத்தில் தொடங்கினாலும் போதும்.