உழவரின் குதிரை: மொழிபெயர்க்கும் அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பின்லாந்து நாட்டுக் கிராமக் கதைகளைத் தமிழாக்கும்போது சில சொற்களைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். 'ரெக்கி', 'ஹெய்னா', 'லுவொக்கி', 'தபனி' என்று நீங்கள் அனுப்பிய பட்டியலைப் படித்தபோது, இவை தனித்தனி ஐயங்கள் அல்ல, எல்லாம் ஒரே விலங்கைச் சுற்றி வருபவை என்று தோன்றியது. அந்த விலங்கைச் சரியாகப் புரிந்துகொண்டால் சொற்கள் தாமாகவே அமைந்துவிடும். இதே ஐயம் வேறு பலருக்கும் வரக்கூடும் என்பதால், நீங்கள் ஒப்புக்கொண்டபடி பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். உங்கள் வரைவில் பல இடங்களில் 'புரவி' என்றும், இரண்டு இடங்களில் 'பரி' என்றும் வருகிறது. அவற்றை எடுத்துவிடுங்கள் அக்கா. நம் மொழியில் குதிரை அரசனுடையது. கப்பலில் வந்திறங்கி, படைக்கும் தேருக்கும் போன விலங்கு அது. ஊருக்குள் அது குடியிருந்ததெல்லாம் அய்யனார் கோவில் வாசலில் மண்குதிரையாகத்தான். நமக்கு ஏர் இழுத்ததும் வண்டி இழுத்ததும் காளைகள். பின்லாந்தின் பெரும்பகுதியில் நிலைமை வேறு. அங்கே உழுதது குதிரை. காட்டிலிருந்து மரம் இழுத்தது குதிரை. பிரசவத்துக்கு மருத்துவச்சியை அழைத்துவந்ததும், பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோனதும், கடைசியில் சவப்பெட்டியைக் கல்லறைக்குச் சுமந்ததும் அதே குதிரைதான். சிறு உழவர் வீட்டில் ஒரே ஒரு குதிரை இருக்கும்; அதன் கால் ஊனமானால் அந்த ஆண்டு விளைச்சலே ஊனமாகும். அப்படிப்பட்ட விலங்கைப் 'புரவி' என்று எழுதினால் அதன் முதுகில் இல்லாத சேணத்தை நாம் ஏற்றியவர்களாவோம்.

அந்த நாட்டுக்கென்றே உரிய குதிரையினம் ஒன்றுதான் உண்டு. அதன் பெயரே 'பின்லாந்துக் குதிரை' என்று பொருள்படும். 1907ஆம் ஆண்டு அதற்குப் பரம்பரைப் பதிவேடு தொடங்கினார்கள். பெரும்பாலானவை செம்பழுப்பு நிறம். பிடரியும் வாலும் பலவற்றுக்கு வெளிறிய வைக்கோல் நிறம். தோள் உயரம் சராசரியாக 156 சென்டிமீட்டர். பாரம் இழுக்க மட்டும் என்றோ, ஓட மட்டும் என்றோ அதை வளர்க்கவில்லை. வாரநாளில் ஏர் இழுத்து ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு விரைந்து ஓட்டிச்செல்ல வேண்டிய குதிரை அது. உடம்பு அந்த இரண்டு தேவைக்கும் நடுவில் அமைந்தது.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். 'ஹெய்னா'வை 'வைக்கோல்' என்று எழுதியிருக்கிறீர்கள். வைக்கோல் என்பது கதிரடித்தபின் மிஞ்சும் தாள். இது அதுவன்று, பசும்புல்லை ஜூலை மாதத்தில் வெட்டி, குறுக்கே முளை அடித்த மரக்கம்புகளில் தொங்கவிட்டுக் காயவைத்த உலர்புல். குளிர்காலம் முழுவதும் கால்நடைக்கு அதுதான் உணவு என்பதால், அந்தச் சில வாரங்களின் வெயிலை நம்பித்தான் அடுத்த வசந்தம்வரை லாயமும் தொழுவமும் இருந்தன. 'உலர்புல்' என்றே எழுதுங்கள்; முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும்.

'லுவொக்கி'க்கு 'நுகம்' என்று போட்டது புரிகிறது, ஆனால் பொருந்தாது. நுகம் காளையின் திமிலுக்கு முன்னால் உட்காரும். குதிரைக்குத் திமில் கிடையாது, அது தோளால் இழுக்கும் விலங்கு. கழுத்தைச் சுற்றி மெத்தை வைத்த மரச்சட்டம் ஒன்று மாட்டப்படும். இருபுறமும் நீளும் ஏர்க்கால்களை அந்தச் சட்டத்தோடு பிணைத்து, கழுத்துக்கு மேலே வில்லைப் போல உயர்ந்து நிற்கும் வளைந்த மரம்தான் லுவொக்கி. வளைத்த மரம் விரிய முயலும். அந்த விறைப்பில் ஏர்க்கால்கள் அசையாமல் நிற்கும், குதிரை ஒருபுறம் சாய்ந்தாலும் பாரம் தோளிலிருந்து நழுவாது. 'வில்மரம்' என்று நான் சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது.

அடுத்து 'தபனி'. இதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன். டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், புனித ஸ்தேவானின் திருநாள். தமிழ்க் கத்தோலிக்கர் அவரை முடியப்பர் என்பார்கள். விவிலியத்தில் அவர் கல்லெறியுண்டு இறந்த முதல் மறைசாட்சி, குதிரைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வடநாட்டு நாட்டுப்பாடல்களிலோ அவர் ஏரோது மன்னனின் லாயக்காரர். குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போன இடத்தில் பெத்லகேமின் விண்மீனைக் கண்டு, இனி வேறொரு மன்னருக்கே ஊழியம் என்று சொன்னவர். இப்படித்தான் அவர் குதிரைகளின் காவலரானார். அன்று அதிகாலையில் குதிரைக்குத் தண்ணீர் வைக்கும்போது தொட்டியின் அடியில் ஒரு வெள்ளிக்காசு போடுவார்கள்; அந்த ஆண்டு குதிரை நோயின்றி இருக்கும் என்பது நம்பிக்கை. பிறகு கிராமம் முழுவதும் சறுக்குவண்டிகளில் ஊர்வலமாகச் சுற்றும். இளங்குதிரைகளை முதன்முதலாகப் பூட்டிப் பார்ப்பதற்கும் அந்த நாளைத் தேர்ந்தார்கள்.

இதில் வேலையின் நுட்பமும் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். கிறிஸ்துமஸ் நாளில் தேவாலயம் தவிர எங்கும் போகக்கூடாது, வேலையும் செய்யக்கூடாது. ஓட்ஸ் தின்று லாயத்தில் நின்ற குதிரைக்கு அசைவு வேண்டும். அடுத்து வரப்போவது காட்டு வேலைப் பருவம், அதற்கு முன் பூட்டுக் கருவிகளின் ஒவ்வொரு வாரையும் மாட்டிப் பார்த்தாக வேண்டும். திருநாள் ஊர்வலம் அந்த ஒத்திகையாகவும் அமைந்தது. கிறிஸ்துமஸ் அதிகாலை வழிபாடு முடிந்து வீடு திரும்பும்போது வண்டிகள் ஒன்றையொன்று முந்தும். முதலில் வீடு சேர்ந்தவருக்கு அடுத்த ஆண்டு விளைச்சல் முதலாவதாக இருக்கும் என்பார்கள். பந்தய ஓட்டத்தின் வேர் அந்தத் தேவாலயச் சாலையிலும் உறைந்த ஆறுகளிலும்தான் இருக்கிறது. அங்கே அறியப்பட்ட முதல் ட்ராட்டிங் பந்தயம் (குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகாமல் துரிதநடையில் ஓடும் பந்தயம்) 1817இல் துர்க்கு நகரில், ஆவுரா ஆற்றின் பனித்தளத்தில் நடந்தது.

கிழக்குப் பின்லாந்தின் சாவோ பகுதியில் எங்களுக்கு அண்டைவீட்டுக்காரரான ஒரு முதியவர் இன்றும் ஒரு பெட்டைக்குதிரை வைத்திருக்கிறார். ஒரு தபனி காலையில் அவருடைய லாயத்தில் நின்று பார்த்ததை நீங்கள் கதையில் எங்காவது பயன்படுத்திக்கொள்ளலாம். வெளியே உறைபனிக்குப் பதினெட்டு டிகிரி கீழே. அவர் கடிவாளத்தை எடுத்ததும் குதிரையிடம் போகவில்லை. அதன் வாயிரும்பை இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்துத் தேய்த்து, பிறகு தன் வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டே நின்றார். குளிர்ந்த இரும்பு ஈரமான நாக்கில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும் என்று பிறகு சொன்னார். குதிரையின் மூக்கு மயிர்களில் அதன் மூச்சே வெண்பொடியாக உறைந்திருந்தது. குளம்புகளைத் தூக்கி, லாடத்தில் திருகிய குட்டி ஆணிகளை ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பார்த்தார். பனிக்கட்டியில் சறுக்காமல் பற்றிக்கொள்ள அவைதான் துணை. 'ஹொக்கி' என்று உங்கள் கதையின் மூன்றாம் பக்கத்தில் வருவது இந்த ஆணிதான். அது கொக்கி அன்று.

உங்கள் கதையில் சனவரிக்குப் பிறகு தந்தை காணாமல்போய் மார்ச்சில் திரும்புகிறார் அல்லவா? அவர் 'சவோத்தா'வுக்குப் போயிருக்கிறார். நிலம் உறைந்து கிடக்கும் மாதங்களில் உழவர் தம் குதிரையோடு மரம்வெட்டும் முகாமுக்குப் போய், வெட்டிய மரங்களைப் பனிப்பாதையில் ஆற்றங்கரைவரை இழுத்துத் தருவார். வண்டித் தடத்தில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, கண்ணாடிபோல் ஆக்கிய பாதையில் ஒற்றைக்குதிரை பெரும்பாரம் இழுக்கும். பனி உருகியதும் அந்த மரங்கள் ஆற்றில் மிதந்து ஆலைக்குப் போகும். சிறு உழவர் வீட்டில் ரொக்கப் பணம் வந்த வழி அது. ஆகவே 'ரெக்கி' என்பது விளையாட்டு வண்டி அன்று. 'சறுக்குவண்டி' என்று எழுதலாம், ஆனால் வாசகருக்கு அது பார வண்டி என்று முதல் வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். ஏரிகள் உறைந்தால் அவற்றின்மேல் சாலை போடுவார்கள். பனிமூட்டத்தில் வழிதவறாமல் இருக்க இருபுறமும் சிறு மரக்கிளைகளை நட்டுவைப்பார்கள். குளிர்காலத்தில்தான் ஊர்கள் ஒன்றுக்கொன்று அருகில் வந்தன. தடை உண்டானது வசந்தத்தில். பனி உருகத் தொடங்கி, சறுக்குவண்டிக்கும் உதவாமல் சக்கரத்துக்கும் உதவாமல் வழிகள் சேறாகும் அந்த வாரங்களுக்குக் 'கெலிரிக்கோ' என்று தனிப்பெயரே உண்டு. தமிழில் 'வழி குலையும் காலம்' எனலாம்.

உயிர்ப்புத் திருநாளுக்கு ஏழு வாரம் முன்னால் வரும் 'லஸ்கியாய்னென்' நாளில் பட்டாணிக் கஞ்சி சாப்பிட்டுவிட்டுக் குன்றிலிருந்து சறுக்கி இறங்குகிறவர்கள், 'நீள நீளமாய் ஆளிச்செடி!' என்று கத்துவார்கள். வண்டி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு உயரம் அந்த ஆண்டு ஆளிச்செடி வளரும், நார் நீளும், துணி நெய்யலாம். குதிரைவண்டியில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுவதும் அன்றுதான். மே மாதம் உழவும் விதைப்பும். ஜூன் இறுதியில் 'யுஹான்னுஸ்', அதாவது யோவான் ஸ்நானகர் திருநாள். வாசலில் பிர்ச் மரக்கிளைகள், ஏரிக்கரையில் பெருநெருப்பு. விதைப்புக்கும் புல்வெட்டுக்கும் நடுவில் குதிரைக்குக் கிடைக்கும் மேய்ச்சல் இளைப்பாறல் அந்த நாட்களில்தான். நவம்பர் தொடக்கத்தில் 'கெக்ரி' என்னும் அறுவடை முடிவுத் திருநாள். பண்ணையாட்களின் ஆண்டுக் கணக்கு தீர்வதும் அப்போதுதான். இவற்றை நீங்கள் ஏற்கெனவே சரியாகவே எழுதியிருக்கிறீர்கள்.

கதையில் 1939க்குப் பிறகு லாயம் காலியாக இருப்பதன் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சோவியத் ஒன்றியத்துடன் நடந்த போர்களுக்கு உழவர் வீடுகளிலிருந்து பல்லாயிரக்கணக்கான குதிரைகள் எடுக்கப்பட்டன. 20,000க்கும் மேற்பட்டவை திரும்பவில்லை. போரில் சோவியத்திடம் போன கிழக்கெல்லைப் பகுதியான கரேலியாவிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இடம்பெயர்ந்தபோது, பலர் வீட்டுப் பொருளையெல்லாம் குதிரைவண்டியில் ஏற்றிக்கொண்டுதான் வந்தார்கள். அவர்களுக்குப் புதிதாக நிலம் திருத்த மீண்டும் குதிரை வேண்டியிருந்தது; 1950களின் தொடக்கத்தில் நாட்டில் 4 லட்சத்தை ஒட்டிய குதிரைகள் இருந்தன. பிறகு டிராக்டர் வந்தது. 1980களில் பின்லாந்துக் குதிரைகள் 14,000 அளவுக்குச் சுருங்கின. இந்தச் சரிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி இறைச்சிக்கூடம் போனது. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது, அதை அழைத்துப் பழகிய ஒரு வீடு இருந்தது.

மீதியைக் காத்ததில் பெரும்பங்கு பந்தயத்துக்கு உண்டு. 1924 முதல் ஆண்டுதோறும் ஒரு பெரும் ட்ராட்டிங் போட்டி நடக்கிறது. பின்லாந்துக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். 1609, 2100, 3100 மீட்டர் என்று மூன்று ஓட்டங்களின் நேரத்தைக் கூட்டி, வென்ற ஆண்குதிரைக்கு 'அரசர்' என்றும், 1948 முதல் பெட்டைக்கு 'அரசி' என்றும் பட்டம் சூட்டுகிறார்கள். உங்கள் கதையில் தாத்தா 'எங்கள் வீட்டில் ஓர் அரசி இருந்தாள்' என்பது இதைத்தான். அந்த ஓரிடத்தில் வேண்டுமானால் 'புரவி' என்று எழுதுங்கள். அதற்கு அந்த உரிமை உண்டு.

கடைசியாக, குதிரையை நிறுத்தும் ஒலியை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். அச்சில் 'ப்த்ரூ' என்று வரும். தமிழில் சொல் மெய்யில் தொடங்காது என்று நீங்கள் தயங்குவது சரிதான், ஆனாலும் மாற்றாதீர்கள். அது சொல் அன்று. இரண்டு உதடுகளையும் ஒட்டிவைத்து நடுங்கவிட்டு, மூச்சை மெல்ல வெளியே விடுவது. அந்தத் தபனி நாளில் ஏரிக்கரையை அடைந்ததும் முதியவர் வாரை இழுக்கவே இல்லை. உதடுகள் நடுங்கத் தொடங்கிய அளவில், ஒலி முடிவதற்குள், குதிரை நின்றுவிட்டது. ஏர்க்காலில் கட்டியிருந்த மணி மட்டும் இன்னொரு முறை ஒலித்தது.

அன்புடன்,
உங்கள் தம்பி