கசிந்த மூட்டைகள் பற்றி

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் அனுப்பிய வெப்பச் சேமிப்புத் துகள்களில் சில மூட்டைகள் அடியில் நீர்விட்டு, தகரப் பெட்டியைத் துருப்பிடிக்க வைத்துவிட்டதாக மூன்று பேர் சொன்னீர்கள். தவறு எங்களுடையதுதான். உப்பை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டோம்.

இந்தத் துகள்களில் இருக்கும் உப்பு கால்சியம் குளோரைடு. உலர்ந்த நிலையில் அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும்போது சூடு தரும். வெயிலில் காய்ந்த காற்றை ஊதி அந்த ஈரத்தை விரட்டினால் மறுபடி தயாராகிவிடும். காற்றுப் புகாமல் மூடி வைத்தால் மாதக்கணக்கானாலும் சூடு வீணாகாது. ஆனால் வெறும் உப்பாக வைத்தால் ஆகாது. சமையல் உப்பு கரைய காற்றில் 75 சதவீத ஈரப்பதம் வேண்டும். இதற்கு ஏறக்குறைய 30 போதும். கரைந்து கட்டிதட்டி, காற்று நுழைய வழியே இருக்காது.

அதனால்தான் வெர்மிகுலைட்டுக்குள் ஏற்றுகிறோம். மாடித்தோட்டக்காரர்கள் மண்ணில் கலக்கும் அதே கனிமம். நம் திருப்பத்தூர் பக்கமும் கிடைக்கிறது. சூடாக்கினால் பொரி மாதிரி உப்பி, ஏடு ஏடாகப் பிரியும். அந்த இடுக்குகளில் உப்பு தங்கும். சிலர் சியோலைட் என்னும் நுண்துளைக் கனிமத்தில் ஏற்றித் தரக் கேட்டீர்கள். அதன் துளைகள் மிகப் பொடியவை, உப்பு வாயிலேயே அடைத்துக்கொள்ளும். எங்களுக்கு அதில் நம்பிக்கையில்லை.

சரி, பிசகு எங்கே நடந்தது? கூடுதல் சூடு கிடைக்கட்டும் என்று உப்புக் கரைசலில் ஒரு முறை ஊறவைத்துக் காயவைத்த வெர்மிகுலைட்டையே இரண்டாம் முறையும் கரைசலில் போட்டோம். 111 கிராம் உப்பு 108 கிராம் நீரைச் சேர்த்துக்கொண்டால் 219 கிராம் ஆகும். அடைக்கும் இடமோ சுமார் இரண்டரை மடங்கு. இடுக்கை உப்பாலேயே நிரப்பிவிட்டால் வரும் நீர் எங்கே போகும்? வெளியேதான். தராசில் எடை ஏறியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம், அவ்வளவுதான்.

இனி ஒரே முறைதான் ஊறல். இரவு முழுக்க ஊறியதைச் சல்லடையில் கொட்டி நன்றாக வடித்து, மேலே ஒட்டிய உப்பு பொருக்குத் தட்டாமல் பார்த்து, எடை குறைவது நிற்கும்வரை 150 டிகிரியில் காயவைக்கிறோம். அப்புறம் ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பிடியைப் பழுப்புத் தாள்மேல் பரப்பி, உள்ளே காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும்படி சமையல் உப்பின் செறிந்த கரைசலோடு மூடிய டப்பாவில் சில நாள் வைக்கிறோம். தாள் நனைந்தால் அந்த ஈடு உங்களிடம் வராது. கிலோவுக்குக் கிடைக்கும் சூடு முன்னைவிடக் குறையும், அதற்கேற்ப விலையையும் குறைத்திருக்கிறோம்.

கசிந்த மூட்டையைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள், லாரி வாடகை எங்கள் பொறுப்பு. வெர்மிகுலைட்தானே என்று பூந்தொட்டியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள், செடி கருகிவிடும்.