வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதையை ஒரு வருடம் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. மாதம் ஒன்றாகப் பதினொரு கூட்டங்கள் நடந்தன. நவம்பர் கூட்டம் மழையோடு போயிற்று. "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று அந்தப் பொதுக்குழுவில் எழுந்து கேட்டவர்தான் ஒரு கூட்டம்கூட விடாமல் வந்தவர் என்பதையும் பதிவு செய்கிறேன்.

முதல் இரண்டு மாதம் இலக்கிய இயக்கங்களை வரிசையாக எடுத்துக்கொண்டோம். உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் தந்த ரொமான்டிசிசம், புலனறிவைத் தாண்டி உள்ளுணர்வை நம்பிய டிரான்ஸென்டென்டலிசம், குடும்பமாகக் கணப்பருகே உட்கார்ந்து படிக்கத் தோதாக எழுதிய லாங்ஃபெல்லோ வகையறா. உள்ளதைச் சொன்னால், தூக்கம் வந்தது. 1857இல் எமர்சன் வெளியிட்ட 'பிரம்மா' கவிதைக்கு வந்தபோதுதான் சபை நிமிர்ந்தது. கொல்பவன் தான் கொல்வதாக நினைத்தாலும், கொல்லப்பட்டவன் தான் செத்ததாக நினைத்தாலும் இருவரும் அறியாதவர்களே என்று தொடங்குகிறது. கீதையின் இரண்டாம் அத்தியாயம் அப்படியே எமர்சனின் பாஸ்டன் பக்கம் போயிருக்கிறது.

எட்கர் ஆலன் போவின் 'தி ரேவன்' (1845) வாசித்த அன்று அடியின் கடைசியில் ஒலிக்கும் 'டோர்', 'லெனோர்', 'நெவர்மோர்' எதுகையா என்று அரை மணி நேரம் சண்டை. அடிகளின் ஈறு ஒத்து ஒலிப்பதால் அது இயைபு என்று தமிழாசிரியர் ஒருவர் தீர்த்துவைத்தார்.

கவிஞர் வால்ட் விட்மனுக்கு மூன்று கூட்டங்கள் ஆயின. அவர் பாட்டில் எதுகை, மோனை, தளை எதுவும் இல்லை என்று பாரதியார் 'நகரம்' கட்டுரையில் எழுதியதிலிருந்து தொடங்கினோம். அப்படியென்றால் அது எதனால் பாட்டாகிறது? 'அவுட் ஆஃப் தி க்ரேடில்' கவிதையை உரக்க வாசித்தபோது பிடிபட்டது. முதல் 22 அடியும் ஒரே வாக்கியம். 'அதிலிருந்து', 'இதிலிருந்து' என்று பெரும்பாலான அடிகள் ஒரேமாதிரிச் சொல்லில் எழும்பி, 'பாடுகிறேன்' என்ற வினை கடைசி அடியின் கடைசியில் வருகிறது. ஆங்கில வாசகருக்கு மூச்சு முட்டும். வினைக்காகக் காத்திருப்பது நமக்குப் பிறவிப் பழக்கம்.

இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் எமிலி டிக்கின்சனுடையது, அதுவும் ஒரு குழப்பத்தால். சாகும் நேரத்தில் ஈ ஒன்று ரீங்கரிக்கும் கவிதை. ஓர் உறுப்பினர் இணையத்தில் எடுத்த பிரதியில் இரண்டாம் அடி 'ஃபார்ம்' (form, உருவம்) என்று முடிகிறது, நான்காம் அடி 'ஸ்டார்ம்'. இன்னொருவரின் கல்லூரிப் புத்தகத்தில் அதே இடத்தில் 'ரூம்'. அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தோம். பிழை இல்லை. டிக்கின்சன் 1886இல் இறந்து பத்தாண்டுக்குப் பின் வந்த பதிப்பில், இயைபு சரியாக இல்லை என்று சொல்லை மாற்றிவிட்டார்கள். அவர் எழுதியது 1955 பதிப்பில்தான் திரும்பி வந்தது.

அப்புறம் கவிதை முழுவதையும் மறுபடி வாசித்தோம். ரூம்–ஸ்டார்ம், ஃபர்ம் (firm)–ரூம், பீ (be)–ஃப்ளை என்று முதல் மூன்று பத்திகளிலும் இயைபு அரைகுறையாகவே ஒட்டுகிறது. கடைசிப் பத்தியில், பார்வை மங்கும் இடத்தில்தான், மீ–சீ என்று முதன்முறையாக முழுசாகப் பொருந்துகிறது. முதல் பத்தியிலேயே சரிசெய்துவிட்டால் அந்தச் சாவு எப்படிக் கேட்கும்? இரவு ஒன்பதரைக்கு வாட்ச்மேன் விளக்கை அணைக்கும்வரை யாரும் எழவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவில் பெரும்பகுதி ஜெராக்ஸுக்கே போனது. நூலகத்திலிருந்து எடுத்த விட்மன் தொகுப்பு இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. அடுத்த ஆண்டுக்கு மீண்டும் டிக்கின்சன் என்று ஒரு தரப்பும், தமிழுக்குத் திரும்பலாம் என்று ஒரு தரப்பும் கேட்டிருக்கின்றன. முடிவைப் பொதுக்குழுவுக்கே விட்டு, இவ்வறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்