எண்ணிக்கை மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண்களின் அரசியல் பங்கேற்பு பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். அதில் சொன்னபடி பெண்களுக்கு இட ஒதுக்கீடு தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மூத்த ஜனநாயகம் என்று பெயர் வாங்கிய சுவிட்சர்லாந்தே தேசியத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது 1971இல்தான். தானாக நடக்கும் என்று காத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பிரான்ஸில் 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் ஆண், பெண் வேட்பாளர்களைச் சம அளவில் நிறுத்தாத கட்சிக்கு அரசு தரும் நிதி குறையும். பெரிய கட்சிகளோ, 'சரி, குறைத்துக்கொள்ளுங்கள்' என்று ஆண்களையே அதிகம் நிறுத்தின. பணம் போனாலும் நாற்காலி போகக் கூடாதாம்! அர்ஜென்டினா 1991இல் கொண்டுவந்த சட்டம் இதைவிடக் கெட்டி. கட்சிகளின் வேட்பாளர் பட்டியலில் 30 சதவீதம் பெண்கள், அதுவும் ஜெயிக்கக்கூடிய இடங்களில் இருக்க வேண்டும் என்றது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2008இல் உலகிலேயே முதன்முறையாகப் பெண்கள் பெரும்பான்மை பெற்ற நாடாளுமன்றம் ருவாண்டாவுடையது. ஆனால் அங்கே எதிர்க்குரலுக்கு இடம் மிகக் குறைவு. உள்ளே போகும் பெண்ணால் தலைமையை எதிர்த்துப் பேச முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தங்களிடம் ஒரு கோரிக்கை: அடுத்த தேர்தலில் வேட்பாளர் பட்டியல் வந்ததும், பெண்களுக்குத் தந்த தொகுதிகளில் அந்தக் கட்சி சென்றமுறை எத்தனை வாக்குகளில் தோற்றது என்பதையும் சேர்த்தே வெளியிடுங்கள். ஜெயிக்கக்கூடிய தொகுதிகள்தான் அவர்களுக்குக் கிடைத்தனவா என்று அப்போது தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்