நீச்சல் குளத்தில் ஏணி பொருத்தித் தரக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
காலை நேரப் பெண்கள் பிரிவில் நீந்துவோர் சார்பாக,
ஓர் உறுப்பினர் (வயது 56), பெங்களூரு.

பெறுநர்:
உதவிச் செயற்பொறியாளர் அவர்கள்,
நீச்சல் குளப் பராமரிப்புப் பிரிவு, பெங்களூரு.

பொருள்: ஆழம் குறைந்த பக்கத்தில் ஏணி இல்லாமை, பிப்ரவரி 3, ஏப்ரல் 21, ஜூலை 14 ஆகிய நாள்களில் கொடுத்த மனுக்களின் தொடர்ச்சி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மூன்று மனுக்களையும் கன்னடத்தில் கொடுத்தோம். மூன்றுக்கும் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள், பதில் வரவில்லை. என் மொழியில் எழுதினால்தான் பட்டதை முழுவதும் சொல்ல முடியும் என்பதால் இம்முறை தமிழில் எழுதி, என் மகள் செய்த கன்னட மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறேன்.

1. குளம் தாங்கள் அறிந்ததே. ஆழம் குறைந்த கிழக்குப் பக்கத்தில் இருந்த ஏணி துருப்பிடித்துவிட்டதென்று ஜனவரியில் அறுத்து எடுத்துப்போனார்கள். ஒரு வாரத்தில் புதியது வரும் என்றார்கள். இப்போது அக்டோபர் முடியப்போகிறது.

2. எனக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். எடை 94 கிலோ இருந்தது. அல்சூர் ஏரிக்கரையில் நடந்து பார்த்தேன். திருவள்ளுவர் சிலையிலிருந்து கிளம்பினால் பாதிச் சுற்றுக்குள் கால் வீங்கிவிடும். மார்பளவு தண்ணீரில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும் என்று விளக்கி, நீந்தச் சொன்னவர் எலும்பு மருத்துவர். முழங்காலை முறுக்கும் தவளை நீச்சல் வேண்டாம், மல்லாந்து நீந்துங்கள் என்றார். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம் நீந்தினேன். ஏணி இருந்தவரை, ஒன்றரை ஆண்டில் 83 கிலோவுக்கு வந்தேன்.

3. கரையேறுவதுதான் ஐயா எங்கள் துன்பம். தண்ணீருக்குள் இருக்கும்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. பத்து மணிக்கு விசில் ஊதியதும் வெளியே வர வேண்டும். நீர்மட்டத்திலிருந்து விளிம்பு ஒன்றேகால் அடி உயரம். இளம்பெண்கள் கையை ஊன்றி ஓர் எம்பில் ஏறிவிடுகிறார்கள். நான் எம்பினால் முழங்கால் டைல்ஸில் இடிக்கிறது. ஏணியை அறுத்த இடத்தில் இரண்டு இரும்பு முனைகள் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கின்றன. மேலே சாக்கைச் சுற்றிவைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்து ஏறப்போய் உள்ளங்கை கிழிந்து நான்கு தையல் போட்டேன். அதன்பிறகு தோழியர் இருவர் மேலே நின்று கையைப் பிடித்து இழுக்க, ஒருவர் கீழேயிருந்து தூக்கிவிட, வயிறு தரையில் உரச வெளியே வருகிறேன். அடுத்த வகுப்புப் பையன்கள் வாசலில் வரிசையாக நின்று பார்க்கிறார்கள். ஈர உடையோடு தரையில் கிடந்து எழும் பெண் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவாள்?

ஆகஸ்டில் ஒரு நாள் தோழியர் வரவில்லை. விசில் ஊதியபின் 25 நிமிடம் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்றேன். உடம்பு நடுங்கியது. கூப்பிட வாய் வரவில்லை. கடைசியில் கூட்டிப் பெருக்கும் அம்மாதான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணீருக்குள் இறக்கி, அது சாயாமல் பிடித்துக்கொண்டார்.

ஆழமான பக்கத்து ஏணியில் ஏறலாமே என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதன் கீழ்ப்படிகள் இரண்டும் உடைந்து எத்தனை மாதமாகிறது! சொன்னவர் ஒருநாளாவது அதில் ஏறிப் பார்த்தாரா? தாங்களாவது ஒருமுறை வந்து பாருங்கள். பத்து மணிக்கு வாருங்கள்.

4. எங்களோடு நீந்திய ஏழு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவர் சர்க்கரை நோயாளி. நானும் இப்போது வாரம் ஒருநாள்தான் போகிறேன். எடை 88.

5. ஏணி வேண்டும். உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதற்குத் தனியாக எழுதுகிறோம். இப்போது ஏணி மட்டும் போதும். அகலமான படிகளும் இரு பக்கமும் கைப்பிடியும் உள்ள ஸ்டீல் ஏணி. பழைய ஏணியின் கால்களுக்கு இடைவெளி 20 அங்குலம். என் மகன் அளந்து குறித்த தாளும் இத்துடன் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். பதில் எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு நான் கரையேற முடியுமா? எங்களுக்கு ஏணிதான் வேண்டும்.

அடுத்த மாதம் குளிர் தொடங்கிவிடும். அதற்குள் ஏணியை வைத்துத் தாருங்கள் ஐயா. தயவுசெய்து வைத்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், உடன் நீந்தும் 23 பெண்களின் கையொப்பங்கள் மறுபக்கத்தில்)