டிக்கெட் டு வொர்க்: வேலையில் சேரும் முன் படியுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஊனம் காரணமாக எஸ்எஸ்டிஐ (முன்பு வேலை செய்து வரி கட்டியவர்களுக்கான உதவித்தொகை) அல்லது எஸ்எஸ்ஐ (வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான உதவித்தொகை) வாங்கும் 18 முதல் 64 வயது வரையுள்ளவர்கள் வேலைக்குப் போக உதவும் அரசுத் திட்டம்தான் டிக்கெட் டு வொர்க். கட்டணம் கிடையாது, கட்டாயமும் இல்லை. சேராவிட்டால் உதவித்தொகை குறையாது.

மாநிலத் தொழில் மறுவாழ்வுத் துறையிடமோ ஒரு எம்ப்ளாய்மென்ட் நெட்வொர்க்கிடமோ (வேலை தேட உதவும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு) டிக்கெட்டை, அதாவது இந்த உதவியைப் பெறும் உரிமையை, ஒப்படைக்கலாம். அவர்களோடு போட்ட வேலைத் திட்டப்படி முன்னேற்றம் இருக்கும்வரை, ஊனம் நீடிக்கிறதா என்று பார்க்கும் மருத்துவ மறுஆய்வு வராது. ஆனால் மறுஆய்வுக் கடிதம் வந்த பிறகு ஒப்படைத்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. எனவே தள்ளிப்போடாதீர்கள்.

எஸ்எஸ்டிஐக்கு, வேலை செய்து பார்ப்பதற்கான 9 மாதச் சோதனைக் காலம் உண்டு. அந்த மாதங்களில் எவ்வளவு சம்பாதித்தாலும் முழுத்தொகை வரும். 2025இல் ஒரு மாதச் சம்பளம் 1,160 டாலரைத் தாண்டினால் அந்த 9இல் ஒரு மாதம் கழிந்தது. 9 மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. 60 மாதங்களுக்குள் சிதறிக் கிடந்தாலும் கூட்டிவிடுவார்கள். இது தெரியாமல் பலர் காலத்தைத் தீர்த்துவிடுகிறார்கள்.

எஸ்எஸ்ஐ கணக்கு வேறு. வேறு வருமானம் இல்லாதவர் சம்பளமாக 885 டாலர் வாங்கினால், 85 கழித்து மீதி 800இல் பாதி, அதாவது 400 டாலர், உதவித்தொகையில் குறையும். கைக்கு வருவது அப்போதும் கூடுதல்தான்.

பெரிய சிக்கல் சம்பளத்தைத் தெரிவிக்காமல் விடுவது. கூடுதலாக வந்த பணத்தைப் பின்னர் திருப்பிக் கேட்பார்கள். பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையை எழுதாதீர்கள். சம்பளச் சீட்டில் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தத் தொகைதான் கணக்கு. ஒவ்வொரு சீட்டையும் படமெடுத்து, அனுப்பியதற்கான ரசீதோடு பத்திரப்படுத்துங்கள்.